சொல்லப்படாமல் போன ஒரு வரி: டெக்சஸ் சிட்டி விபத்தும் பாதுகாப்புப் பயிற்சியும்

அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தின் டெக்சஸ் சிட்டி நகரில் பி.பி. நிறுவனம் ஓர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையை நடத்திவந்தது. 2005 மார்ச் 23 அன்று பகல் 1.20 மணியளவில் அங்கே நடந்த வெடிப்பில் 15 பேர் இறந்தார்கள்; 180 பேர் காயமடைந்தார்கள். இறந்த 15 பேரும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். வெடித்த யூனிட்டில் அவர்களுக்கு எந்த வேலையும் இல்லை. பக்கத்தில் வேறொரு யூனிட்டின் பராமரிப்புப் பணிக்காக வந்தவர்கள் அவர்கள். அதற்காகக் கொண்டுவந்து நிறுத்தப்பட்ட டிரெய்லர் அலுவலகங்களின் உள்ளேயும் அருகிலும் இருந்தபோதுதான் இறந்தார்கள்.

அமெரிக்க வேதியியல் பாதுகாப்பு வாரியம் இரண்டு ஆண்டுகள் விசாரித்து, 2007 மார்ச்சில் 300 பக்கங்களுக்கு மேற்பட்ட அறிக்கை ஒன்றை வெளியிட்டது. வேதிப் பொறியாளர்கள் அதைப் பெரும்பாலும் பழுதான கருவிகளின் கதையாகப் படிக்கிறார்கள். அப்படிப் படிப்பதில் தவறில்லை. ஆனால் தொழிலாளர் பயிற்சியோடு தொடர்புள்ள எவரும் அதை வேறு விதமாகவும் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அந்த ஆலையில் பயிற்சி என்ற ஒன்று இல்லாமல் இல்லை. ஆபத்து எங்கே இருந்ததோ அந்த இடத்துக்கு அது போய்ச் சேரவில்லை.

அன்று நடந்தது

ஐசோமரைசேஷன் யூனிட் என்பது பெட்ரோலின் ஆக்டேன் தரத்தை உயர்த்தும் பிரிவு. அதில் ராஃபினேட் ஸ்ப்ளிட்டர் என்றழைக்கப்படும் 170 அடி உயரக் கோபுரம் ஒன்று இருந்தது. உள்ளே வரும் ராஃபினேட் என்ற பெட்ரோலியத் திரவத்தைச் சூடாக்கி, லேசான பகுதியை மேல்வழியாகவும் கனமான பகுதியை அடிவழியாகவும் அது பிரித்தனுப்பும். சுமார் ஒரு மாதப் பராமரிப்புக்குப் பிறகு அதை மறுபடி ஓட்டத் தொடங்கிய நாள் அது.

ஸ்டார்ட்-அப் வேலை இரவு ஷிப்டிலேயே தொடங்கிவிட்டது. அடிப்பகுதியில் ஆறரை அடி அளவுக்குத் திரவம் இருந்தால் போதும் என்பது எழுத்தில் இருந்த செய்முறை. ஆனால் கருவி காட்டக்கூடிய எல்லையைத் தாண்டி நிரப்புவது அங்கே வழக்கமாகியிருந்தது. ஸ்டார்ட்-அப்பின்போது திரவ மட்டம் சட்டென்று இறங்கிவிட்டால் கீழே உள்ள உபகரணங்கள் கெட்டுப்போகும் என்ற கவலையில் உருவான வழக்கம் அது. முதல் உயர்மட்ட அலாரம் ஒலித்தது. அதற்கு மேல் ஒலிக்க வேண்டிய இரண்டாவது அலாரம் வேலை செய்யவில்லை. கோபுரத்தை நிரப்பிய இரவு ஷிப்ட் மூத்த ஆபரேட்டர், ஷிப்ட் முடிவதற்கு முன்பே கிளம்பிவிட்டார். பகல் ஷிப்டுக்கு வந்தவருக்குக் கிடைத்தது பதிவேட்டில் இருந்த ஒரே ஒரு வரி: யூனிட்டுக்குள் கொஞ்சம் ராஃபினேட் கொண்டுவரப்பட்டது என்பதுபோல. எவ்வளவு, எதுவரை, எந்த வால்வு எந்த நிலையில் உள்ளது என்ற விவரங்கள் அதில் இல்லை.

காலை பத்து மணிக்குச் சற்று முன்பு மறுபடியும் திரவம் ஏற்றத் தொடங்கினார்கள். அடிவழி வெளியேறும் பாதை மூடியிருந்தது. ஏறத்தாழ மூன்று மணி நேரம் திரவம் உள்ளே போய்க்கொண்டிருந்தது. எதுவும் வெளியே வரவில்லை. மட்டத்தைக் காட்டும் கருவி பழைய தரவுத்தாளை வைத்து அளவமைக்கப்பட்டிருந்தது. கோபுரத்தின் அடியில் சில அடி உயரத்தை மட்டுமே அது அளக்கும். உண்மையான மட்டம் ஏறிக்கொண்டே போனபோது, அந்தக் கருவி மட்டம் மெல்ல இறங்குவதாகக் காட்டியது. கோபுரத்துக்குள் ஏறத்தாழ 158 அடிக்குத் திரவம் நின்ற வேளையில் கட்டுப்பாட்டு அறைத் திரை எட்டடி அளவிலேயே இருந்தது. நேரில் பார்த்து மட்டத்தை அறிய உதவும் கண்ணாடிக் குழாய் அழுக்கேறிப் படிக்க முடியாத நிலையில் பல காலம் கிடந்தது.

12.41 மணிக்கு அழுத்த அலாரம் வந்தது. அழுத்தம் ஏன் உயர்கிறது என்று அங்கிருந்தவர்களுக்குத் தெரியவில்லை. எரியூட்டியைக் குறைத்தார்கள், பிறகு அடிவழிப் பாதையைத் திறந்தார்கள். எங்கேயோ தேங்குகிறது, வெளியே விடுவோம் என்பது இயல்பான எண்ணம்தான். ஆனால் வெளியேறும் சூடான திரவமும் உள்ளே வரும் திரவமும் ஒரே வெப்பப் பரிமாற்றி வழியாகப் போகும்படி அமைப்பு இருந்தது. உள்ளே வந்த திரவம் திடீரென்று சூடேறியது, கோபுரத்தில் நின்றது விரிந்து கொதித்தது, உச்சியைத் தாண்டி வழிந்து மேல்குழாய்க்குள் இறங்கியது. அந்தக் குழாய் தரைக்கு அருகில் உள்ள பாதுகாப்பு வால்வுகள் வரை வருகிறது. அதில் நிரம்பிய திரவத்தின் எடை மூன்று வால்வுகளையும் திறக்க வைத்தது. ஆறு நிமிடங்கள் அவை திறந்தே இருந்தன.

வால்வுகள் வழியே போனது 1950களில் கட்டப்பட்ட ஒரு பழைய புளோடவுன் டிரம்முக்குள், அதாவது அவசரத்தில் வெளியேறுவதை வாங்கிக்கொள்ளும் தொட்டிக்குள். அதன் மேல் இருந்த புகைபோக்கி, எரித்து அழிக்கும் ஃபிளேர் எதனோடும் இணைக்கப்படாமல் நேராக வானத்தைப் பார்த்துத் திறந்திருந்தது. பெட்ரோலைப் போல எளிதில் தீப்பற்றும் திரவம் அதன் உச்சியிலிருந்து பீறிட்டுத் தரையில் விழுந்து ஆவியாகப் பரவியது. அருகில் எஞ்சின் அணைக்கப்படாமல் நின்ற ஒரு டீசல் பிக்-அப் வண்டிதான் பெரும்பாலும் தீப்பொறிக்குக் காரணம் என்று வாரியம் முடிவுசெய்தது. ஆட்களை வெளியேற்றும் அபாயச் சங்கு வெடிப்புக்கு முன்பு ஒலிக்கவே இல்லை.

எது கற்பிக்கப்பட்டது, எது கற்பிக்கப்படவில்லை

தண்ணீர்த் தொட்டியில் மிதவை கெட்டுவிட்டாலும், குழாய் எவ்வளவு நேரமாகத் திறந்திருக்கிறது என்று தெரிந்தால் தொட்டி நிறைந்துவிட்டதா என்று யாரும் சொல்லிவிடலாம். வேதி ஆலைகளில் இதற்குப் பெயர் பொருள் சமன் கணக்கு. உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு, வித்தியாசம் எங்கே நிற்கிறது? இந்த மூன்று கேள்விகளை அன்று காலை யாராவது கேட்டிருந்தால் கருவி காட்டிய பொய் வெளிப்பட்டிருக்கும். கேட்பதற்கான பழக்கம் ஊட்டப்படவில்லை. கட்டுப்பாட்டுத் திரையிலோ, உள்வரத்து ஒரு பக்கத்திலும் வெளியேற்றம் வேறொரு பக்கத்திலும் இருந்தன. இரண்டையும் கழித்துக் காட்டும் வசதியும் இல்லை.

இதைக் கற்பிக்க வேண்டிய இடத்துக்கு என்ன ஆயிற்று என்பதை விசாரணை அறிக்கை தெளிவாகச் சொல்கிறது. ஆலையின் மையப் பயிற்சித் துறையில் 1997இல் 28 பேர் இருந்தார்கள். 2004இல் எட்டுப் பேர். பயிற்சிக்கான பட்ஜெட்டும் அந்தக் காலத்தில் ஏறத்தாழப் பாதியாகியிருந்தது. ஸ்டார்ட்-அப் போன்ற அரிதான, ஆபத்து மிகுந்த கட்டங்களை ஒத்திகை பார்க்க ஆபரேட்டர்களுக்கு சிமுலேட்டர் கிடைக்கவில்லை. நேருக்கு நேர் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது குறைந்து, கணினித் திரையில் பாடம் படித்துக் கேள்விகளுக்கு விடை குறிக்கும் முறை அந்த இடத்துக்கு வந்தது.

கணினிப் பாடத்தை நான் வெறுப்பவன் அல்ல. ஒரு வால்வு எப்படி இயங்குகிறது என்பதைப் படத்தில் காட்ட அது மிக நல்ல வழி. ஆனால் அலாரம் அடிக்கும்போது எதை நம்புவது, எதைச் சந்தேகிப்பது என்பதை அது கற்றுத்தராது. அதற்கு ஒரு மூத்தவர் எதிரே அமர்ந்து, "இந்தக் கருவி தப்பாகக் காட்டுகிறது என்று வைத்துக்கொள், அடுத்து எதைப் பார்ப்பாய்?" என்று கேட்க வேண்டும். மாணவர் தவறாகச் சொல்ல வேண்டும், அந்தத் தவறு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை இருவரும் சேர்ந்து தொடர வேண்டும். இதற்கு ஆளும் நேரமும் வேண்டும். செலவைக் குறைக்க வேண்டும் என்ற உத்தரவு வரும்போது முதலில் வெட்டப்படுவது இந்த இரண்டும்தான், ஏனென்றால் வெட்டியதன் விளைவு அந்த ஆண்டின் கணக்கில் தெரியாது.

பயிற்சி மட்டுமே எல்லாவற்றையும் தடுத்திருக்கும் என்று சொல்லவும் கூடாது. கட்டுப்பாட்டு அறையில் இருந்த ஆபரேட்டர் ஒருவரே மூன்று யூனிட்டுகளைக் கவனிக்க வேண்டியிருந்தது. இரண்டாவது ஆபரேட்டருக்கான இடம் முன்பே நீக்கப்பட்டிருந்தது. பராமரிப்புக் காலத்தில் ஆபரேட்டர்கள் சிலர் 29 நாட்களுக்கும் மேலாக விடுப்பே இல்லாமல், நாளுக்கு 12 மணி நேரம் வேலை செய்திருந்தார்கள். அனுபவமுள்ள பகல் மேற்பார்வையாளர் குடும்பத்தில் ஏற்பட்ட ஒரு மருத்துவ அவசரத்துக்காக முற்பகலில் கிளம்ப வேண்டியதாயிற்று. அவருக்குப் பதிலாக யூனிட்டை அறிந்த எவரும் அமர்த்தப்படவில்லை. சேமிப்புத் தொட்டிகள் கிட்டத்தட்ட நிறைந்துவிட்டதால் ராஃபினேட் பகுதியைத் தொடங்கவே வேண்டாம் என்று காலைக் கூட்டத்தில் பேசப்பட்டது. அந்தப் பேச்சு யூனிட்டை ஓட்டியவர்களை எட்டவில்லை. ஒரு மாதமாகத் தூக்கம் குறைந்து, ஒரு வரிக் குறிப்பை வைத்துக்கொண்டு, மூன்று யூனிட்டுகளைப் பார்த்த மனிதரைக் குற்றவாளியாக்கி இந்த விபத்தை முடித்துவைப்பது எனக்கு ஒப்பாது. விபத்துக்குப் பின் நிறுவனம் நடத்திய முதற்கட்ட விசாரணை ஆபரேட்டர்கள் செய்முறையைப் பின்பற்றவில்லை என்பதில்தான் அழுத்தம் கொடுத்தது. எந்தச் செய்முறை, எந்தச் சூழலில், யார் பார்த்துக்கொண்டிருக்க எத்தனை முறை மீறப்பட்டது என்ற கேள்விகளை வாரியம் எழுப்பியது. 2000 முதல் 2005 வரையான ஸ்டார்ட்-அப்களில் பெரும்பாலானவற்றில் கோபுர மட்டம் கருவியின் எல்லையைத் தாண்டியிருந்தது. ஒரு மீறல் தினசரி நடைமுறையாகிவிட்டால், புதிதாக வருபவர் கற்றுக்கொள்வது அதைத்தான். மூத்தவரின் கை என்ன செய்கிறதோ அதுவே பயிற்சி. அலமாரியில் இருக்கும் செய்முறைக் கையேடு எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும் அதற்கு ஈடாகாது.

டிரெய்லரில் இருந்தவர்கள்

இந்த விபத்தில் என் மனம் மீண்டும் மீண்டும் போய் நிற்பது இங்கேதான்.

புளோடவுன் டிரம்முக்கு மிக அருகிலிருந்த டிரெய்லர் சுமார் 120 அடி தூரத்தில் இருந்தது. மரச்சட்டமும் மெல்லிய தகடும் கொண்ட, வண்டியில் இழுத்துவரும் தற்காலிக அலுவலகம் அது. வெடிப்பலை ஒன்றைத் தாங்கும் வலு அதற்கு எந்த வகையிலும் கிடையாது. ஸ்டார்ட்-அப் என்பது ஓர் ஆலையின் வாழ்நாளில் மிக ஆபத்தான கட்டங்களில் ஒன்று என்பது துறையில் எல்லோருக்கும் தெரியும். அந்த நேரத்தில் தேவையற்ற ஆட்களை அருகிலிருந்து அகற்றுவது நெடுநாள் வழக்கம். அன்று அகற்றவில்லை. அகற்றாததுகூட இருக்கட்டும், பக்கத்து யூனிட் இன்று தொடங்குகிறது என்ற தகவலே அந்த டிரெய்லர்களுக்குப் போகவில்லை.

இறந்தவர்களும் காயமடைந்தவர்களும் பயிற்சி பெறாதவர்கள் அல்ல. ஹெல்மெட், பாதுகாப்புக் காலணி, கண்ணாடி, ஒர்க் பெர்மிட், உயரத்தில் வேலை செய்யும் முறை எல்லாவற்றிலும் தேர்ந்த கட்டுமான, பராமரிப்புப் பணியாளர்கள் அவர்கள். அன்று மதியம் அவர்களில் பலர், வேலைநாள் இழப்பு ஏற்படுத்தும் காயம் எதுவும் இல்லாமல் பணியாற்றியதைப் பாராட்டி அளிக்கப்பட்ட விருந்தில் சாப்பிட்டுவிட்டுத்தான் டிரெய்லர்களுக்குத் திரும்பியிருந்தார்கள். தங்கள் பங்கை அவர்கள் நேர்மையாகச் செய்திருந்தார்கள். ஏணியில் எப்படி ஏற வேண்டும் என்று தெரிந்திருந்த அவர்களுக்கு, தாங்கள் உட்கார்ந்த இடம் எதன் அருகில் இருக்கிறது, அங்கே இன்று என்ன நடக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. அவர்களைக் காப்பாற்ற நீண்ட பாடத்திட்டம் தேவைப்பட்டிருக்காது. காலையில் ஒரு வரி போதும்: "பக்கத்து யூனிட் இன்று ஸ்டார்ட்-அப், மாலை வரை இந்தப் பக்கம் வேண்டாம்."

அதைச் சொல்வது நல்லெண்ணத்தைப் பொறுத்த விஷயம்கூட இல்லை. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிர்வாகமான ஓஷா 1992இல் கொண்டுவந்த செயல்முறைப் பாதுகாப்பு விதிகள், தீ, வெடிப்பு, நச்சுக் கசிவு ஆகிய அபாயங்களை ஒப்பந்த நிறுவனங்களுக்கு ஆலை தெரிவிக்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்கின்றன. ஒப்பந்த நிறுவனம் தன் ஆட்கள் ஒவ்வொருவருக்கும் அதைக் கற்பிக்க வேண்டும். ஆலையின் சொந்த ஆபரேட்டர்களுக்கு மூன்று ஆண்டுக்கு ஒரு முறையாவது மறுபயிற்சி உண்டு. பயிற்சி பெற்றவர் பாடத்தைப் புரிந்துகொண்டார் என்பதை எப்படிச் சோதித்தார்கள் என்பதையும் பதிவு செய்ய வேண்டும். வருகைக் கையெழுத்தோடு இந்தக் கடமை முடிந்துவிடாது.

காயக் கணக்கு மறைத்தது

அந்த ஆலையில் தனிநபர் காய விகிதம் குறைந்துகொண்டு வந்தது. நிர்வாகம் அதைப் பாதுகாப்பின் அளவுகோலாக எடுத்துக்கொண்டது. முன்னாள் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கர் தலைமையில் அமைந்த தனிக் குழு 2007 ஜனவரியில் தந்த அறிக்கையின் மையக் கண்டுபிடிப்புகளில் ஒன்று இது: காய விகிதம் மேம்படுவதை, வெடிப்பு, கசிவு போன்ற பேராபத்துகளும் கட்டுக்குள் இருப்பதற்கு அடையாளமாக நிறுவனம் தவறாக எண்ணிவிட்டது.

பயிற்சியின் பார்வையில் இது முக்கியமானது. எதை அளக்கிறோமோ அதற்கே பயிற்சி கொடுப்போம். வழுக்கி விழுவது, கை நசுங்குவது, கண்ணில் தூசி விழுவது ஆகியவை அடிக்கடி நடப்பவை, எண்ணக்கூடியவை, சுவரொட்டியில் வரையக்கூடியவை. ஒவ்வொன்றும் உண்மையான துன்பம். அவற்றுக்கான பயிற்சியை ஒரு மணி நேரம்கூடக் குறைக்கக் கூடாது. ஆனால் ஒரு கோபுரம் நிரம்பி வழிவது பத்து ஆண்டில் ஒருமுறை நடக்கலாம், நடக்காமலும் போகலாம். அதன் முன்னறிகுறிகளைத் தனியாக எண்ணாவிட்டால் அதற்கான பயிற்சியும் வராது. அந்த முன்னறிகுறிகள் இங்கே இருந்தன. 1994 முதல் 2004 வரை அதே புளோடவுன் அமைப்பிலிருந்து தீப்பற்றக்கூடிய ஆவி வெளியேறிய நிகழ்வுகள் குறைந்தது எட்டு. ஒவ்வொன்றும் ஒரு வகுப்பறைப் பாடமாகியிருக்க வேண்டியது. விபத்துக்குச் சில மாதங்கள் முன்பு ஆலை ஊழியர்களிடம் நடத்திய கருத்தறியும் ஆய்வு ஒன்றில் பெரும் விபத்து குறித்த அச்சம் அவர்களிடையே அசாதாரண அளவில் இருப்பது தெரியவந்தது. ஆபத்து எங்கே இருக்கிறது என்பது பயிற்சி பெற வேண்டியவர்களுக்கே தெரிந்திருந்தது. அவர்களைக் கேட்டுப் பாடத்திட்டம் எழுதும் வழிதான் இல்லை.

பிறகு

ஓஷா 2005 செப்டம்பரில் 2.13 கோடி டாலர் அபராதம் விதித்தது. ஒப்புக்கொண்ட திருத்தங்கள் பல முடிக்கப்படவில்லை என்று 2009இல் மேலும் 8.7 கோடி டாலர் அபராதம் அறிவித்தது. 2013இல் ஆலை வேறு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. எண்ணெய்த் துறை அமைப்பான அமெரிக்க பெட்ரோலியக் கழகம் 2007இல் தற்காலிகக் கட்டடங்களை ஆபத்தான பகுதிகளிலிருந்து தள்ளி வைப்பதற்கும், 2010இல் ஊழியர் களைப்பைக் கட்டுப்படுத்துவதற்கும், பேராபத்துக் குறியீடுகளைத் தனியாக அளப்பதற்கும் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. டிரெய்லரை நகர்த்துவது, ஷிப்ட் நேரத்துக்கு வரம்பு வைப்பது போன்றவை ஒரு மனிதரின் நினைவாற்றலையோ விழிப்பையோ நம்பியிருப்பவை அல்ல. அதனால் இவை எந்தப் பயிற்சியையும்விட வலியவை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். உட்காரக் கூடாத இடத்தில் ஒருவரை உட்காரவைத்துவிட்டு அவருக்கு ஆபத்துப் பாடம் நடத்துவதில் பொருளில்லை.

நிகழ்வைப் பயிற்சி வகுப்பில் எடுப்பவர்களுக்குச் சில நடைமுறைச் சொற்கள். இதை முழுக் கதையாகச் சொல்லிவிட வேண்டாம். பகல் பன்னிரண்டரை மணிவரை சொல்லி நிறுத்துங்கள். திரையில் காட்டிய எண்ணை மட்டும் கொடுங்கள். உள்வரத்து விகிதமும் நேரமும் தாளில் இருக்கட்டும். "இப்போது கோபுரத்தில் எவ்வளவு இருக்கும்?" என்று கேளுங்கள். பெரும்பாலோர் திரை எண்ணைச் சொல்வார்கள்; யாராவது ஒருவர் கணக்குப் போடத் தொடங்குவார். அவரை வகுப்பின் முன்னால் அழைத்து, எப்படி யோசித்தார் என்று அவர் வாயாலேயே சொல்லவையுங்கள். அடுத்து ஷிப்ட் கைமாற்றம்: அந்த ஒற்றை வரிக் குறிப்பைப் பலகையில் எழுதி, அடுத்த ஷிப்டுக்கு வருபவர் என்னென்ன தெரிந்துகொள்ள விரும்புவார் என்று அவர்களையே நிரப்பச் சொல்லுங்கள். ஆபரேட்டர்கள் சில நிமிடங்களில் பலகையை நிறைத்துவிடுவார்கள். மேலாளர்களையும் அதே அறையில் உட்காரவைத்தால் இன்னும் நல்லது.

ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கான வகுப்பில் கோபுரக் கணக்கு தேவையில்லை. தளத்தின் வரைபடத்தை விரித்து, அவர்கள் வேலை செய்யும் இடம், சாப்பிடும் இடம், வண்டி நிறுத்தும் இடம் மூன்றையும் அவர்களையே குறிக்கச் சொல்ல வேண்டும். அவற்றைச் சுற்றி உள்ள யூனிட்டுகளில் அந்த வாரம் ஸ்டார்ட்-அப், ஷட்டவுன், பெரிய பழுதுபார்ப்பு எது நடக்கிறது என்பதை ஆலைப் பொறியாளர் ஒருவர் வந்து அவர்களுக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். தினமும் காலை வேலை தொடங்குமுன் நடக்கும் டூல் பாக்ஸ் மீட்டிங் என்ற சிறு கூட்டத்தில் அந்தத் தகவலைப் புதுப்பிக்க வேண்டும். சங்கு ஒலிக்காமலேயே எழுந்து போகும் உரிமை அவர்களுக்கு உண்டா, போனால் அன்றைய கூலி கிடைக்குமா என்பதையும் அதே கூட்டத்தில் ஒப்பந்தக்காரர் முன்னிலையில் தெளிவாக அறிவித்துவிட வேண்டும். கூலி போய்விடும் என்று நினைப்பவர் எந்தப் பயிற்சி பெற்றிருந்தாலும் எழுந்து போக மாட்டார்.